இந்தச் சமதரையை யார் செய்தது?

நுவரெலியா மாவட்டத்தின் வலப்பனைக்கு ஒரு விளையாட்டரங்கு வேண்டும் என்று யாராவது பேச்செடுத்தால், காசு எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். காசு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதைவிடக் கஷ்டமான கேள்வி அதற்குப் பிறகுதான் வரும்: எந்த இடத்தில்?

கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இந்தக் கேள்விக்கு மூன்று நான்கு பதில்களாவது இருக்கும். எது நல்லது என்பதில்தான் சண்டை. வலப்பனைப் பிரதேசத்து ராகலையில் நின்று சுற்றிப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய வரை சாய்ந்த நிலம். தேயிலை சாய்வில் நின்றுகொள்ளும். லயன் அறை சாய்வைக் கொஞ்சம் வெட்டி உட்கார்ந்துகொள்ளும். 400 மீட்டர் ஓட்டப் பாதைக்கு அந்த வசதி கிடையாது. ஓடும் திசையில் 1000 மீட்டருக்கு 1 மீட்டருக்கு மேல் இறக்கம் இருக்கக்கூடாது. குறுக்கே பார்த்தால் 100க்கு 1க்கு மேல் சாய்வு கூடாது. சர்வதேச தடகள விதி அப்படி. மலைநாட்டில் இந்த விதியை இயற்கையாகவே நிறைவேற்றும் இடம் குளத்தின் மேற்பரப்பு மட்டும்தான்.

அளவைப் பார்ப்போம். எட்டுத் தடங்கள் கொண்ட நியமப் பாதையின் நீளம் ஏறக்குறைய 177 மீட்டர், அகலம் 92.5 மீட்டர். அதாவது பார்வையாளர் மேடை, வாகனத் தரிப்பிடம், உடை மாற்றும் அறை எதுவும் சேராமல் வெறும் பாதைக்கே நான்கு ஏக்கர். இதை 20 பாகை சாய்வுள்ள ஒரு தேயிலை மலையில், நீளவாக்கைச் சமவுயரக் கோட்டோடு பொருத்தி வைப்பதாகக் கற்பனை செய்யுங்கள். 92.5 மீட்டர் அகலத்தின் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் உள்ள உயர வேறுபாடு கிட்டத்தட்ட 34 மீட்டர். பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் உயரம் அது. பாதி வெட்டி, வெட்டிய மண்ணை மறுபாதியில் கொட்டிச் சமப்படுத்தினாலும் மேற்பக்கம் 17 மீட்டர் வெட்டுச்சுவர்; கீழ்ப்பக்கம் 17 மீட்டர் நிரப்பு மண். வெட்ட வேண்டிய மண் ஏறக்குறைய 69,000 கன மீட்டர். டிப்பர்காரர் கணக்கில் 24,000 கியூபுக்கு மேல்.

அதோடு முடியவில்லை. நிரப்பிய மண் செங்குத்தாக நிற்காது. அதற்கும் ஒரு சரிவு விட வேண்டும். இரண்டு அடி கீழே இறங்க மூன்று அடி வெளியே போகும் வழக்கமான சரிவை விட்டால், 20 பாகை மலையில் அந்த நிரப்பின் அடி மைதானத்தின் விளிம்பிலிருந்து இன்னும் 55 மீட்டர் தூரம் கீழே போய்த்தான் மலையைத் தொடும். மைதானத்தைவிட 37 மீட்டர் தாழ்வில். அந்த 55 மீட்டருக்குள் மலைநாட்டில் என்ன இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை: ஒரு பாதை, ஒரு வடிகான், ஒரு கோவில், லயன் வரிசை.

இதே கணக்கைக் கரப்பந்தாட்டத் திடலுக்குப் போட்டுப் பாருங்கள். சுற்றிலும் மூன்று மீட்டர் இடம் விட்டு 24க்கு 15 மீட்டர். அதே 20 பாகை மலையில் வெட்ட வேண்டிய மண் 246 கன மீட்டர், 87 கியூப். ஒரு பெக்கோ சில நாட்களில் முடித்துவிடும் வேலை. ஓட்டப் பாதைக்கு வேண்டியது இதைப்போல் 280 மடங்கு. காரணம் எளிது: வெட்டும் மண்ணின் அளவு அகலத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. திடலின் அகலம் இரட்டித்தால் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் வெட்ட வேண்டிய மண் நான்கு மடங்காகும். தோட்டத்துக்குத் தோட்டம் கரப்பந்தாட்ட வலை கட்டியிருப்பதற்கும், பல பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு 200 மீட்டர் சுற்றுக்கோடு போடவே இடம் போதாமல் திண்டாடுவதற்கும் பின்னால் இந்த வர்க்கக் கணக்கு இருக்கிறது. கரப்பந்தாட்டம் நாட்டின் தேசிய விளையாட்டாக 1991இல் அறிவிக்கப்பட்டபோது மலையகத்தை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் மலையகத்தின் நிலத்துக்கு அதைவிடப் பொருத்தமான விளையாட்டு வேறு இல்லை.

சரி, இவ்வளவு மண் வெட்ட முடியாது. ஏற்கெனவே சமமாகக் கிடக்கும் இடத்தைத் தேடுவோம் என்பதுதான் எல்லோருக்கும் அடுத்துத் தோன்றும் யோசனை. அங்கேதான் கவனம் வேண்டும். மலையில் சமதரை சும்மா வராது. ஏதோ ஒன்று அதைச் செய்திருக்கிறது. எது செய்தது என்று தெரியாமல் அதன் மேல் ஐயாயிரம் பேரை உட்கார வைக்கக்கூடாது.

ஆறு செய்திருக்கலாம். குறுந்து ஓயா போன்ற ஆறுகள் வளையும் இடங்களில் மணலும் கூழாங்கல்லும் சேர்ந்து சிறு படுகைகள் உண்டு. ஆறு கொண்டுவந்து போட்டதை ஆறு திரும்பக் கேட்கும். எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்பதுதான் தெரியாது. சதுப்பு செய்திருக்கலாம். நுவரெலியா நகரின் அடித்தளம் அப்படிப்பட்டது: 1873இல் ஆளுநர் வில்லியம் கிரெகரி காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கின் சதுப்பைத் தேக்கி ஏரியாக்கினார்கள், அதை ஒட்டிக் கிடந்த தட்டையான தரையில் குதிரைப் பந்தயத் திடல் வந்தது. மனிதன் செய்திருக்கலாம். கீழ் வலப்பனையின் வயல் படிகள், துரைமாரின் பங்களா முற்றங்கள், தரவளையிலும் ரதெல்லையிலும் தோட்டத்துரைமார் தங்களுக்காக அமைத்துக்கொண்ட கிரிக்கெட் மைதானங்கள் எல்லாம் இந்த வகை. மலைநாட்டின் நல்ல சமதரைகளை முதலில் எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் ஆட்டத்துக்கும் போக மிஞ்சியது தேயிலைக்கு. தேயிலைக்கும் ஆகாததுதான் பெரும்பாலும் லயனுக்கு.

நான்காவது காரணகர்த்தாவைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்: மண்சரிவு. எப்போதோ, நூறு வருடத்துக்கோ ஆயிரம் வருடத்துக்கோ முன்னால், மேலிருந்து பெயர்ந்து வந்த மண்ணும் பாறையும் சாய்வு குறையும் இடத்தில் வந்து விழுந்து பரவி நிற்கும். மேலே செங்குத்தான பிறை வடிவ வடு. கீழே மெத்தென்ற அகலமான தட்டு. காலம் போகப் போக வடுவைக் காடு மூடிவிடும், தட்டு மட்டும் தெரியும். மண் ஆழம், ஊற்று நீர், பயிர் செழிப்பு என எல்லாம் நன்றாக இருக்கும். குடியேறவும் பள்ளிக்கூடம் கட்டவும் மைதானம் போடவும் மனிதக் கண் முதலில் தேர்வு செய்வது இந்த இடத்தைத்தான். புவியியலாளர் அந்தப் படிவைத் தொட்டுப் பார்த்தால் உள்ளே எல்லா அளவிலும் கோணல்மாணலான கற்கள், ஒழுங்கில்லாமல் மண்ணோடு கலந்து கிடக்கும். ஆறு கொண்டுவந்த கல் உருண்டிருக்கும். சரிவு கொண்டுவந்த கல் முனை மழுங்காமல் இருக்கும். ஒரு குழி தோண்டிக் கல்லைக் கையில் எடுத்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஒருமுறை சரிந்த மண் இறுக்கம் குறைந்தது, நீரை உறிஞ்சக்கூடியது. மறுபடி சரிவதற்கு அதற்கு அதிகம் வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்களை மூடியது மலையிலிருந்து இறங்கிய மண். 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் மலைகள் இறங்கி உயிர்களைக் கொண்டுபோயின. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் சாவுகளில் பெரும்பகுதி மண்சரிவால் வந்தது.

மழையில் மலை ஏன் இறங்குகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மைதானத்தின் தலைவிதி அதில்தான் இருக்கிறது. சாய்வில் நிற்கும் மண்ணைக் கீழே இழுப்பது அதன் சொந்த எடை. பிடித்து வைத்திருப்பது மண் துகள்களுக்கு இடையே உள்ள உராய்வும் கொஞ்சம் ஒட்டுத்தன்மையும் வேர்களும். இழுப்பதைப்போல் பிடிப்பது எத்தனை மடங்கு என்பதைப் பொறியியலாளர்கள் பாதுகாப்புக் காரணி என்கிறார்கள். அது 1க்குக் கீழே போனால் சரிவு. உராய்வுக் கோணம் 30 பாகை உள்ள மண், 20 பாகை சாய்வில், உலர்ந்த நிலையில் இருந்தால் உராய்வு மட்டுமே தரும் காரணி ஏறக்குறைய 1.6. தாராளம். இப்போது மழை பெய்து நிலத்தடி நீர் மேல்மட்டம் வரை ஏறிவிட்டது என்று வையுங்கள். துளைகளுக்குள் நிறைந்த நீர் துகள்களைத் தாங்கித் தூக்குகிறது. கிணற்றுக்குள் குடம் இலேசாவதுபோல் துகள் மேல் துகள் அழுத்தும் பாரம் குறைகிறது. அழுத்தம் பாதியானால் உராய்வும் பாதி. எடையோ குறையவில்லை. காரணி 0.8க்கு இறங்கிவிடுகிறது. அதே மலை, அதே சாய்வு, அதே மண். உள்ளே ஏறிய நீர் ஒன்றுதான் வித்தியாசம். ஒட்டுத்தன்மையும் வேரும் மிச்சத்தை ஈடுகட்டும் வரை மலை நிற்கும்.

அதனால்தான் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மழைமானியோடு கட்டிப்போட்டிருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் விழிப்பு. 100 என்றால் வெளியேறத் தயார். 150 என்றால் வெளியேற வேண்டியதுதான்.

இந்த 150 மில்லிமீட்டரை நமது நான்கு ஏக்கர் பாதை மேல் கொட்டிப் பாருங்கள். கிட்டத்தட்ட இருபத்து நான்கரை இலட்சம் லீட்டர் தண்ணீர். தேயிலை மூடிய மலையில் அதில் ஒரு பங்கை இலை வாங்கும், ஒரு பங்கை மண் குடிக்கும், மிச்சம் சமவுயர வடிகான்களில் சிறிது சிறிதாகப் பிரிந்து போகும். செயற்கை இறப்பர் விரித்த பாதை ஒரு சொட்டையும் குடிக்காது. நடுவில் புல்தரைக்கு அடியில் மணல் போட்டு, மீன் முள் வடிவத்தில் துளைக் குழாய்கள் புதைத்து வடித்தாலும், அத்தனை நீரும் ஒரே மூலையில் ஒரே குழாய் வாயில் வெளியே வரும். அந்த வாய் எங்கே திறக்கிறது என்பதை வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டும். நம் ஊரில் அது கடைசியாகக் குறிக்கப்படும். சில சமயம் குறிக்கப்படுவதே இல்லை.

வெட்டி நிரப்பிய மைதானம் கெட்டுப்போவதை ஆடுகிறவர்கள் பொறியியலாளரை முந்திக் கண்டுபிடித்துவிடுவார்கள். மேல்பாதி வெட்டிய தரை, கடினம்; பந்து எகிறும். கீழ்பாதி நிரப்பிய தரை, மெத்தென்றிருக்கும். பந்து செத்து விழும். இரண்டும் சந்திக்கும் கோடு திடலின் நடுவே ஓடும். இரண்டு மூன்று மழைக்குப் பிறகு அந்தக் கோட்டில் விரலளவு படி ஒன்று தட்டுப்படும். ஓடுகிறவர் கால் அதில் இடறும். அதுவரை மண் தன் பாரத்தில் அமர்கிறது என்று சமாதானம் சொல்லலாம். கீழ் விளிம்பையொட்டிப் பிறை வடிவில் வெடிப்பு விழுந்தாலோ, நேராக நட்ட கோல்கம்பம் வெளிப்பக்கம் சாய்ந்தாலோ, நிரப்பின் அடியில் புதிதாக ஊற்று கிளம்பி அது கலங்கலாக வந்தாலோ, அமர்வது முடிந்து நகர்வது தொடங்கிவிட்டது. வெடிப்பைச் சீமெந்து பூசி மூடினால் வெடிப்பு மறையும், நகர்வு நிற்காது. கீழே உள்ளவர்களை முதலில் அப்புறப்படுத்திவிட்டு, வெடிப்பைக் களிமண் வைத்து மூடித் தண்ணீர் உள்ளே இறங்காமல் தடுக்க வேண்டும்.

இலங்கை தனது பெரிய மைதானங்களை எப்படித் தேர்ந்தெடுத்தது என்று பார்த்தால் இடத்தின் குணம் ஒவ்வொன்றிலும் பழிவாங்கியோ பரிசளித்தோ இருப்பது தெரியும். கொழும்பு கெத்தாராமை மைதானம் 1986இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் அந்த இடம் சதுப்பு, பக்கத்து விகாரைக்குப் பிக்குகள் படகில் போய்வந்த தண்ணீர். நகருக்குள் மலிவாகப் பெரிய இடம் வேண்டுமென்றால் சதுப்புதான் மிச்சம் என்ற நியாயம். காலி மைதானத்தின் இடமோ கோட்டைக்கும் கடலுக்கும் நடுவில். 2004 டிசம்பர் 26 சுனாமி அதை அள்ளிக்கொண்டு போனது, மறுபடி டெஸ்ட் ஆட்டம் நடக்க 2007 டிசம்பர் ஆயிற்று. கண்டி அஸ்கிரிய மைதானம் மலைகளுக்கு நடுவே கிண்ணம்போல் அமைந்தது. 1983இல் முதல் டெஸ்ட், 2007 டிசம்பரில் முரளிதரன் 709ஆவது விக்கெட்டை எடுத்து உலக சாதனையைத் தன் ஊரிலேயே முறியடித்ததும் அங்கேதான். அழகுக்குக் குறைவில்லை, ஆனால் மேடையைப் பெரிதாக்கவும் வாகனங்கள் வரவும் கிண்ணத்தில் இடம் ஏது? பல்லேகலைக்கு மாறினார்கள். 2010 டிசம்பரில் அங்கே நடந்த முதல் டெஸ்டைப் பெரும்பாலும் மழை விழுங்கியது.

தம்புள்ளை இதற்கு எதிர் உதாரணம். 2000ஆம் ஆண்டில் 167 நாட்களில் கட்டி முடித்த அந்த மைதானத்தின் காரணமே மழைதான்: தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி கொழும்பையும் காலியையும் நனைக்கும் மாதங்களில் உலர் வலயத்தில் ஆட ஓர் இடம். மேகத்தைப் பார்த்துத் தேர்ந்த மைதானம் என்று நான் அதை மெச்சுவேன். ஹம்பாந்தோட்டை சூரியவெவ மைதானத்தை 2011 உலகக் கிண்ணத்துக்காகக் கட்டியபோது மழையும் பார்த்தார்கள், நிலமும் பார்த்தார்கள். சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. 35,000 பேருக்கு இருக்கை போட்ட இடத்தில் பக்கத்தில் அத்தனை பேர் இல்லை. இப்போது யாழ்ப்பாணம் மண்டைதீவு: 2025 செப்டெம்பர் 1 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. தாழ்ந்த நிலம், கண்டல், மழைநீர் தேங்கி இறங்கும் இடம் என்று சூழலியலாளர்கள் எழுப்பிய கேள்விகள் நியாயமானவை. அங்கே பிரச்சினை தண்ணீர் வெளியேற இறக்கம் இல்லாதது. வலப்பனையில் தண்ணீருக்கு இறக்கம் கூடிப்போனது.

தம்புள்ளைப் பாடத்தை வலப்பனைக்குக் கொண்டுவந்தால் சுவாரசியமான ஒன்று அகப்படுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கத்து மேற்குச் சரிவுகளில் தன் நீரையெல்லாம் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி உலர்ந்த காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. வலப்பனைப் பக்கத்து உடப்புசல்லாவை அந்தக் கிழக்குச் சரிவில். அங்குள்ள தேயிலைக்கு ஜூன் முதல் செப்டெம்பர் வரை தரமான பருவம் என்று தேயிலை வியாபாரிகளுக்குப் பல தலைமுறையாகத் தெரியும். உலர் காற்றில் கொழுந்து மெதுவாக வளர்ந்து மணம் கூடுகிறது. கொழுந்துக்கு நல்ல அந்த மாதங்கள் ஆட்டத்துக்கும் நல்லவை. ஹட்டன் மைதானங்கள் சேறாகக் கிடக்கும் ஜூலையில் உடப்புசல்லாவைப் பக்கம் காய்ந்த தரையில் ஓடலாம், காற்று மட்டும் கொஞ்சம் தள்ளும். ஆபத்து மறுபக்கக் காலத்தில்: ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவ மழையும் அதைத் தொடரும் வடகிழக்குப் பருவப்பெயர்ச்சியும். 2007 ஜனவரியும் 2025 நவம்பரும் அந்தப் பருவத்தில்தான் வந்தன. ஆகவே ஒரே மாவட்டத்தில் மேற்கே ஒரு மைதானமும் கிழக்கே ஒரு மைதானமும் இருந்தால் ஆண்டில் பெரும்பகுதி ஏதாவது ஒன்றில் ஆடலாம். இரண்டையும் நுவரெலியா நகரிலேயே வைத்தால் இந்த இலாபம் கிடைக்காது.

உயரத்தின் கதையும் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் அதே விகிதத்தில் குறைவு. குறுந்தூர ஓட்டக்காரருக்கும் நீளம் பாய்பவருக்கும் இது நல்லது, காற்றின் தடை குறைகிறது. 2240 மீட்டர் உயர மெக்சிகோ நகரில் 1968இல் பொப் பீமன் 8.90 மீட்டர் பாய்ந்து உலக சாதனையை 55 சென்ரிமீட்டரால் தாண்டினார். அதே ஒலிம்பிக்கில் நெடுந்தூர ஓட்டங்கள் மந்தமாக முடிந்தன. பயிற்சிக்கு என்ன உயரம் நல்லது என்பதில் 1997இல் அமெரிக்காவில் லெவினும் ஸ்ட்ரே கண்டர்சனும் வெளியிட்ட ஆய்வு பிரபலம்: 2500 மீட்டரில் தங்கி இரத்தத்தைச் செறிவாக்கிக்கொண்டு, 1250 மீட்டரில் இறங்கி வேகமாக ஓடிப் பயின்றவர்கள் அதிகம் முன்னேறினார்கள். நமது மலையில் 2500 மீட்டர் என்றால் பிதுருதலாகலையின் உச்சிதான். எனவே முழுப் பலன் கிடைக்காது. ஆனால் ‘மேலே தங்கு, கீழே பயில்’ என்பதற்கு வலப்பனைப் பிரதேசம்போல் வாய்ப்பான நிலம் தீவில் குறைவு. ராகலையின் குளிரிலிருந்து மகாவலி பக்கத்து வெக்கை வரை ஒரே பஸ் பயணத்தில் இறங்கிவிடலாம். மலைநாட்டிலிருந்து போய் நாட்டுக்காக 10,000 மீட்டர் ஓடிய குமார் சண்முகேஸ்வரனைப் போன்றவர்கள் அரங்கம் எதுவும் இல்லாமல் இப்படிப்பட்ட ஏற்ற இறக்கத்தில்தான் நுரையீரலை வளர்த்தார்கள்.

திசையைப் பற்றி ஒரு வரி: மைதானத்தின் நீள அச்சு வடக்குத் தெற்காக இருக்க வேண்டும், மாலை வெயில் கண்ணில் அடிக்காமலிருக்க. கிழக்கு மேற்காக ஓடும் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் அது நடக்காது.

யாருக்கு எத்தனை தூரம் என்ற கணக்கு இனி. ஒரே வீதியில் ஐந்து தோட்டங்கள், வீதி தொடங்கும் இடத்திலிருந்து 0, 3, 5, 12, 20 கிலோமீட்டரில் என்று வையுங்கள், ஒவ்வொன்றிலும் சம அளவு பிள்ளைகள். மைதானத்தைச் சராசரித் தூரமான 8ஆவது கிலோமீட்டரில் வைத்தால் ஐந்து தோட்டத்தாரும் வரும் தூரத்தின் கூட்டுத்தொகை 32. நடு எண்ணான 5இல், அதாவது மூன்றாவது தோட்டத்திலேயே வைத்தால் 29. இதைவிடக் குறைந்த கூட்டுத்தொகை எந்த இடத்திலும் வராது. ஆனால் கடைசித் தோட்டத்துப் பிள்ளை 15 கிலோமீட்டர் வர வேண்டும். வீதியின் நட்ட நடுவில், 10இல் வைத்தால் கூட்டுத்தொகை 34க்கு ஏறும், யாரும் 10 கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டியதில்லை. மூன்றுமே சரியான விடைகள். கேள்விகள்தான் வேறு வேறு. அல்ஃபிரட் வெபர் 1909இல் தொழிற்சாலைகளுக்காகத் தொடங்கிவைத்த இந்த இடத்தேர்வுக் கணிதம் தூரத்தைக் குறைக்கச் சொல்லித்தரும். யாருடைய தூரத்தை என்று சொல்லித்தராது.

மலையில் கிலோமீட்டரே பொய். ஒரு மலையிலிருந்து எதிர் மலை கூப்பிடு தூரம். பஸ்ஸில் போனால் இறங்கி, பாலம் தாண்டி, ஏறி, முக்கால் மணி நேரம். எனவே நிமிடத்தில் அளக்க வேண்டும். என்னைக் கேட்டால் நிமிடமும் போதாது: பயிற்சி ஐந்தரைக்கு முடிந்தால் கடைசி பஸ் இருக்கிறதா? இல்லையென்றால் அந்த மைதானம் பெண் பிள்ளைகளுக்கு இல்லை என்று பொருள், வாசலில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

இப்படிச் சாய்வு, மண், மழை, தூரம், காணியின் விலை, மின்சாரம் என்று பத்து விஷயங்கள் சேரும்போது அலுவலகங்களில் ஒரு புள்ளி அட்டவணை போடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் நிறை, ஒவ்வொரு இடத்துக்கும் புள்ளி, பெருக்கிக் கூட்டி அதிகம் பெற்ற இடம் வெற்றி. தோமஸ் சாட்டி 1970களில் உருவாக்கிய படிநிலைப் பகுப்பாய்வு முறையும், கணினியில் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறையும் இந்த வேலையை நேர்த்தியாகச் செய்கின்றன. நேர்த்தியில்தான் ஆபத்து. வீதிக்குப் பக்கம் என்பதற்குப் பத்துப் புள்ளி, காணி இலவசம் என்பதற்குப் பத்துப் புள்ளி, பழைய மண்சரிவு மேல் இருப்பதற்கு ஒரு புள்ளி. கூட்டினால் அதுவே முதலிடம். கூட்டல் எல்லாவற்றையும் எல்லாவற்றாலும் ஈடுசெய்யும். மண்சரிவை வீதியால் ஈடுசெய்ய முடியாது. ஆகவே விலக்க வேண்டியதை முதலில் விலக்கிவிட வேண்டும்: 1990 முதல் 1:10,000 அளவில் வரையப்பட்டுவரும் மண்சரிவு இடர் வலய வரைபடங்களில் அபாயமான நிறத்தில் உள்ளது, நீரோடையை ஒட்டி உள்ளது, நிரப்பின் அடி யாருடைய கூரைக்கு மேல் நிற்கிறதோ அது, எல்லாம் அட்டவணைக்குள் வரவே கூடாது. மிஞ்சியவற்றுக்கு மட்டும் புள்ளி போடலாம்.

அப்படி விலக்கினால் வலப்பனையில் ஏதாவது மிஞ்சுமா? குறைவாகத்தான் மிஞ்சும், எங்கே என்று ஓரளவு சொல்லவும் முடியும். மலையின் குழிவுகளில் நீர் கூடும், மண்ணும் கூடும், அவை வேண்டாம். இரண்டு குழிவுகளுக்கு இடையே முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அகன்ற மலைமுதுகில் நீர் இரு பக்கமும் பிரிந்து ஓடும், மண் மெல்லியது, பாறை கிட்டத்தில். காற்று அடிக்கும், பரவாயில்லை. அந்த முதுகில் 400 மீட்டர் பாதை அடங்காது. 105க்கு 68 மீட்டர் உதைபந்தாட்டத் திடல் சில இடங்களில் அடங்கலாம். வலைப்பந்து, கரப்பந்து, எல்லே அடங்கும். முழு அளவுப் பாதை ஒன்றை மாவட்டத்தில் அகலமான பள்ளத்தாக்கு உள்ள இடத்துக்கு விட்டுவிட்டு, வலப்பனைக்குப் பல சிறு திடல்களைப் பரப்புவதே புத்தி என்பது என் முடிவு. திறப்பு விழாவுக்கு அமைச்சர் வந்து நிற்க அது அழகாக இராது என்பதும் தெரியும்.

ஒன்றை மட்டும் கூடுதலாகப் பார்க்கச் சொல்வேன். மலைநாட்டில் மூடிக் கிடக்கும் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளின் தளங்கள். கனமான இயந்திரங்களையும் நான்கு மாடிகளையும் நூறு வருடங்களுக்கு மேல் சுமந்து, அத்தனை பருவப்பெயர்ச்சியையும் பார்த்துவிட்டு, இன்னும் அசையாத தளம் ஏதாவது இருந்தால் அது எந்த அறிக்கையையும்விடப் பெரிய சான்று. வீதி அதன் வாசல் வரை ஏற்கெனவே வரும், தண்ணீர் வரும், லயன்கள் நடந்து வரும் தூரத்தில். டித்வாவில் வீதிகள் அறுந்து ஊர்கள் தனித்துப்போனபோது ஹெலிகொப்டர்தான் சில இடங்களுக்குப் போக முடிந்தது. அதற்கு இறங்க வேண்டியதும், இடம்பெயர்ந்தவர்களுக்குக் கூடாரம் அடிக்க வேண்டியதும் இதே மாதிரியான உறுதியான சமதரைதான். அந்தப் பயனையும் சேர்த்து எழுதினால் காசு கேட்கும் மனு இன்னும் பலமாகும்.

அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு இறங்க வேண்டாம். மேல் சரிவிலும் கீழ் விளிம்பிலும் நாலைந்து துளையிட்டு, துளைக்குழாய் வைத்து, ஒக்டோபரிலிருந்து ஜனவரி முடிய உள்ளே நீர்மட்டம் எவ்வளவு ஏறி எத்தனை நாளில் இறங்குகிறது என்று ஒரு பருவம் முழுவதும் குறித்துவர வேண்டும். மைதானம் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் அதற்கு ஆகும் செலவு சிறியது. கட்டடக் கலைஞரைப் பெப்ரவரியில் கூப்பிடலாம்.